பூஜையில் வைத்த விண்கப்பல்

லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளத்தோடு சேறு புகுந்ததற்கு அடுத்த வருடத்துச் சரஸ்வதி பூஜையன்று நடந்தது இது. அதற்கும் அடுத்த வருடம் என்பாள் அக்கா. ஆனால் அன்று அவள் இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள் என்பதால் நான் சொல்வதே சரி.

மாதம் ஒருமுறை எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலடிக்கு நூலக வேன் வரும். வேனை ஓட்டுவதும் புத்தகம் கொடுப்பதும் தானா ராத்தா டவுனைச் சேர்ந்த ஒரே ஆள்தான். பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் மாமா. அந்த வருடம் பின்கதவை ஒட்டிய தட்டு முழுக்கப் புதிய மலாய் நாவல்கள். ஒன்றில், ஏரிக்கடியில் உறங்கிய நாகத்தை ஓர் ஊரே சேர்ந்து எழுப்பிவிடும். இன்னொன்றில் மழையை நிறுத்தத் தெரிந்த சிறுமி. நான் எடுத்தது விண்கப்பல் கதை. பாட்டன் காலத்தில் பூமியை விட்டுப் புறப்பட்ட கப்பல் அது. அதிலேயே பிறந்து, அதிலேயே வேலை செய்து, எந்த மண்ணையும் மிதிக்காமல் செத்துப்போகும் மக்கள்.

அம்மா ரொட்டி தட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். அம்மாவுக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. கேட்கிறாளா என்பதே தெரியாது. முகம் அடுப்பைப் பார்த்தபடி இருக்கும்.

கதைக்கு இரண்டாம் பாகம் வருகிறது என்றும், ஒரே பிரதிதான் என்றும், முதல் பாகத்தைத் திருப்பித் தந்தால்தான் கிடைக்கும் என்றும் மாமா சொல்லியிருந்தார். வேன் போகும் இன்னோர் ஊரான கோலா தெர்லாவில் ஒரு பெண்ணும் அதற்குக் காத்திருந்தாள். இந்தமுறை தவறவிட்டால், மழைக்காலம் முடிந்து வேன் மறுபடி மலையேறும்வரை எனக்கு எதுவும் இல்லை.

வேன் வரும் நாளும் பூஜையும் ஒன்றாக வந்து தொலைத்தன. பள்ளி விட்டு வந்து பார்த்தால், சாமிப் படத்தின் முன் என் பாடப்புத்தகங்கள். அவற்றின் உச்சியில் அந்த நாவல். அட்டையிலிருந்த கப்பலின் மூக்கில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“அம்மா, இது லைப்ரரி புக். இன்னிக்கே குடுக்கணும்.”

“சாமிகிட்ட வச்சாச்சு. நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்.”

“நாளைக்கு வேன் இருக்காதும்மா.”

“எடுத்துப் பாரு,” என்றாள் அக்கா, “கணக்குல முட்டைதான் வாங்குவ.”

பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாளுக்குள் தொட்டால் படிப்பு போய்விடும் என்பது எங்கள் லயத்தில், தோட்டம் கொடுத்த அந்த வரிசை வீடுகளில், எல்லா வீட்டுக்கும் பொதுவான சட்டம். கோயிலடிக்கு வெறுங்கையோடு ஓடினேன்.

“புக் இல்லாம ரெண்டாவத எப்படிலா குடுக்கறது?”

“சாமிகிட்ட இருக்கு மாமா.”

“சாமிக்கு மெம்பர் கார்டு இருக்கா?” என்று சிரித்தவர், மலை உச்சியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். அங்கே கறுத்துக்கொண்டு வந்தது. “மண்ணு சரிஞ்சா நான் இங்கதான் படுக்கணும். மழை எறங்கினா கெளம்பிருவேன், பாத்துக்க.”

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன. கையைக் கழுவிவிட்டுக் கற்பூரத்தை ஏற்றினாள்.

“நாளைக்குத்தானேம்மா?” என்றாள் அக்கா.

“நாளைக்குச் செய்யிறத இன்னிக்குச் செய்யிறோம். சாமி கோவிச்சுக்காது.” புத்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி என்னிடம் நீட்டினாள். “எடுத்ததும் கொஞ்சம் படிக்கணும். அதான் மொற. கடைசிப் பக்கத்தப் படி.”

கோயிலடியில் வேன் ஹாரன் அடித்தது. நான் மூச்சு வாங்கப் படித்தேன். கப்பலின் ஜன்னலில் பச்சையாக ஒரு நிலம் தெரிகிறது. எல்லோரும் மூட்டைகளோடு கதவருகே நிற்கிறார்கள். கதவு திறக்கவில்லை.

“அவ்ளோதானா? எறங்கலியா?”

“அது அடுத்த புக்குலதான்மா.”

அம்மா கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் விரிப்பை உருவிப் புத்தகத்தைச் சுற்றினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நாங்கள் போவதற்குள் வேன் திரும்பி, சரிவில் எங்களை நோக்கி இறங்கத் தொடங்கியிருந்தது. தோட்ட மேனேஜர் துரையின் கார் வந்தால் கால்வாய்க்குள் இறங்கி நின்று வழிவிடுகிற என் அம்மா, ரோட்டின் நடுவில் போய் நின்று கையை நீட்டினாள்.

ஈரத்தில் வழுக்கிக்கொண்டு வந்த வேன், ஒரு முழ இடைவெளியில் நின்றது.

“என்னக்கா, சாகணுமா?”

“மாத்திக் குடுங்கண்ணே. புள்ள படிக்கணும்.”

மாமா விரிப்பைப் பிரித்தார். அட்டையிலிருந்த குங்குமத்தைப் பார்த்தார். அதைத் துடைக்காமலே உள்ளே வைத்துவிட்டு, இரண்டாம் பாகத்தை எடுத்துக் கொடுத்துப் புறப்பட்டார்.

திரும்பும் வழியில் புத்தகத்தை அம்மாதான் வைத்திருந்தாள். விரிப்பு எங்கள் இருவர் தலைக்கும் மேலே.

“இதுல எறங்கிருவாங்கல்ல?”

“எறங்குவாங்கம்மா.”

“எறங்கி எங்க இருப்பாங்க? வீடு யாரு குடுப்பா?”

நான் சிரித்துவிட்டேன். அப்பாவின் வேலை அந்த வருடக் கடைசியோடு முடிகிறது என்பதும், வேலை முடிந்தால் லயத்து வீட்டைத் தோட்டத்திடம் விட்டுவிட வேண்டும் என்பதும் என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரே இரவில் வீடு கட்டித் தரும் இயந்திரங்கள் அந்தக் கப்பலில் இருப்பதாக, அம்மாவுக்குப் புரியும்படி நான் விளக்கிக்கொண்டே நடந்தேன்.