மூடி கழற்றிய கம்ப்ரசர்

அப்பா பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் வயர்மேன். இருபத்தாறு வருடம். எந்த மெஷினில் கை வைத்தாலும் முதலில் அதன் சுவிட்சை அணைத்து, சிவப்புப் பூட்டுப் போட்டு, "வேலை நடக்கிறது, தொடாதே" என்ற அட்டையைத் தொங்கவிடுவார். சாவி ஒன்றே ஒன்று, அவர் சட்டைப் பையில். வேலை முடியும் முன் அந்தப் பூட்டை அவர் கழற்றியது ஒரே ஒரு தடவை.

அன்று காலை பத்தேகால் மணிக்குக் கம்ப்ரசரில் புது பெல்ட் மாட்டி முடித்திருந்தார். பெல்ட்டை மறைக்கும் இரும்பு மூடி இன்னும் தரையில் கிடந்தது. சூப்பர்வைசரும் பேக்கிங் பெண்கள் ஐந்து பேரும் தலைதெறிக்க ஓடி வந்தார்கள். ரேடியோ கத்தியோடு வந்திருக்கிறான் என்றார்கள். ரேடியோ என்பது வாய் ஓயாத மோல்டிங் ஆபரேட்டருக்குப் பட்டப்பெயர். போன வாரம்தான் அவனை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார் இதே சூப்பர்வைசர். கேட்டில் வாட்ச்மேன் கையைக் கிழித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே நடந்து வருகிறானாம். அவன் பேசவில்லை என்றதும்தான் அப்பா ஸ்பேனரும் கையுமாக எழுந்தார்.

கம்ப்ரசர் இருந்த கொட்டகைக்குப் பின்னால் வழியில்லை. பக்கத்தில் சுவிட்ச் போர்டு அறை. ஜன்னல் கிடையாது, இரும்புக் கதவு, ஆனால் கொண்டி வெளியே மட்டும். ஆறு பேரையும் உள்ளே தள்ளி, போனை எல்லாம் அணைக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். வேறு பூட்டுத் தேட நேரமில்லை. கம்ப்ரசர் சுவிட்சில் இருந்த சிவப்புப் பூட்டைக் கழற்றி, அட்டையோடு கொண்டியில் போட்டார்.

சாவி பைக்குள் போன பிறகுதான் உறைத்தது. இது ரேடியோ கையில் சிக்கினால் உள்ளே இருக்கும் ஆறு பேரும் கூண்டுக் கோழிகள். அப்பா ஒளிகிற ஆள் இல்லை. தெருவில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்தால் நடுவில் போய் நிற்பவர். அன்று ஒளிந்தார். கம்ப்ரசருக்கும் சுவருக்கும் இடையில் ஒருக்களித்துப் படுக்கிற அளவுக்கு ஒரு சந்து. அதில் நுழைந்துகொண்டார்.

வெளியே எதுவோ உடையும் சத்தம். பிறகு அறைக்குள் ஒரு போன் அடித்தது. யாரோ அணைக்க மறந்துவிட்டார்கள். நின்றது. மறுபடி அடித்தது.

அப்பா படுத்தபடியே கையை நீட்டி, சுவரில் இருந்த கம்ப்ரசர் சுவிட்சின் லீவரை ஏற்றிப் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

கொட்டகை அதிர்ந்தது. போன் சத்தம் அமுங்கியது. கூடவே, வருகிறவனின் காலடிச் சத்தமும் போய்விட்டது. மூடியில்லாத பெல்ட் தோளிலிருந்து ஒரு சாண் தள்ளி ஓடியது. மூச்சை இழுத்து விட்டாலே சட்டை அதன் பக்கம் போய் வந்தது. நகர முடியாது. கேட்கவும் முடியாது. தரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

தரையில் இரண்டு செருப்புகள் வந்து நின்றன.

ரேடியோ குனிந்து பார்த்தான். கத்தி தொடையோடு ஒட்டியிருந்தது. பிறகு திரும்பி, கொண்டியில் தொங்கிய அட்டையைப் பார்த்தான்.

"அங்க என்னண்ணே வேலை?"

"மெயின் லைன்ல வேலை," என்று அப்பா கத்தினார்.

சொல்லி முடிக்கும்போதே தெரிந்தது, தப்பு. மெயின் லைனைப் பூட்டினால் கம்ப்ரசர் எப்படி ஓடும்? அங்கே பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவனுக்கு இது தெரியாதா?

ரேடியோ ஓடுகிற பெல்ட்டைப் பார்த்தான். பூட்டைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான்.

"மூடியப் போடுங்கண்ணே. சட்டை மாட்டிக்கும்."

செருப்புகள் போய்விட்டன.

அவனுக்குப் புரிந்ததா இல்லையா என்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. அவன் பிடிபட்ட பிறகு போலீசிலும் கோர்ட்டிலும் இரண்டு தடவை கேட்டார்கள். தெரியலை ஐயா என்றார்.

அதன் பிறகும் அவர் அசையவில்லை. போயாச்சு, வாங்க என்று யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. அந்த இரைச்சலில் அது யார் குரல் என்று எப்படித் தெரியும்? காக்கிக் கால்சட்டைகள் தரையில் தெரிந்த பிறகே சிவப்புப் பொத்தானை அழுத்தினார். ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவர்தான் ஆள் என்று நினைத்து ஒரு போலீஸ்காரர் சுவரோடு சேர்த்து அழுத்தினார். வாட்ச்மேன் வந்து சொன்ன பிறகுதான் விட்டார்கள். அதற்கப்புறம் பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார்.

கதவு திறந்ததும் சூப்பர்வைசர் யாரையும் பார்க்காமல் வெளியே போனார். பேக்கிங்கில் மூத்தவள் மட்டும் வாசலிலேயே நின்று அப்பாவைத் திட்டத் தொடங்கினாள்.

"மிஷின் ஓடுற வரைக்கும் நீங்க உயிரோட இருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். திடீர்னு நிறுத்திட்டீங்க. நிறுத்துறேன்னு ஒரு குரல் குடுக்கக் கூடாதாண்ணே? ஆள் போயிட்டாருன்னே முடிவு பண்ணிட்டோம்."

"அதான் போகலையே," என்றார் அப்பா. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

அதிலிருந்து வீட்டில் எதை அணைத்தாலும் முதலில் குரல் கொடுப்பார். தண்ணீர் மோட்டார், மிக்சி, காற்றாடி, எதுவானாலும். "நிறுத்துறேன்மா." சமையலறையிலிருந்து அம்மா சரி என்ற பிறகுதான் கை சுவிட்சுக்குப் போகும். பதினோரு வருடம் தவறியதில்லை.

போன மாதம் தூக்கத்தில் போனார். யாருக்கும் ஒரு குரல் கொடுக்கவில்லை.