அப்பா பெருமைப்பட்ட பச்சை கவுன்

இன்று விருதுநகரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நான் போட்டிருந்த பச்சை கவுனை அப்பா மண்டபம் முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தீகளா, எம்மக டிசைன் பண்ணுனது. ஃபேஷன் காலேஜ்ல மூணாவது வருசம் படிக்கால்ல!"

அது ஆன்லைனில் வாங்கியது.

"உனக்கென்று ஒரு பாணி வேண்டும்" என்று கல்லூரியில் சொல்லிச் சொல்லி, நான் தைப்பதெல்லாம் எனக்கே பிடிக்காமல் போய்விட்டது; அதனால்தான் இதை வாங்கினேன். ஆனாலும் அப்பா சொன்னதை நான் மறுக்கவில்லை. பெரியம்மாக்கள் துணியைத் தொட்டுப் பார்த்து மெச்சியது நன்றாகத்தான் இருந்தது.

அப்போது அதே பச்சை கவுனில் பெண்வீட்டுப் பிள்ளை ஒருத்தி உள்ளே வந்தாள்.

அப்பா சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிப்பவர். யாராவது காப்பியடித்தார்கள் என்றாலே கொதித்துவிடுவார்.

"எங்க லேபிளத்தான் காப்பியடிப்பாய்ங்கன்னு பாத்தா, எம்மக டிசைனயுமா? ஏம்மா, இத எங்கன எடுத்த?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"ஆன்லைன்ல வாங்குனேன் மாமா."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அப்பா, நானும் அங்கனதான் வாங்குனேன்."

"தப்பா நெனச்சுக்கிடாதம்மா" என்று அப்பா அவளிடம் சொன்னார். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இலையை மட்டும் பார்த்துச் சாப்பிட்டார்.

வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் பேசினார். "நீ தச்சதுல ஒண்ணப் போட்டிருக்கலாம்லம்மா."

நண்பர்களே, அப்பாவைப் பார்த்தால் என் படிப்பைப் பற்றி மட்டும் விசாரிக்காதீர்கள். பச்சை கவுன் வேண்டுமென்றால் சொல்லுங்கள், லிங்க் அனுப்புகிறேன்.