ரூத்தம்மாவுக்கு ஒரு பெட்டி

சவப்பெட்டி செய்கிறவனுக்குத் தெருவில் யாரும் வணக்கம் சொல்வதில்லை; நின்றால் அளவெடுத்துவிடுவானோ என்று பயம். நீங்கள் இன்சூரன்ஸ் ஏஜெண்டாகவோ பல் வைத்தியராகவோ இருந்தால் என் பாடு உங்களுக்குப் புரியும். எழுபதுகளின் கடைசியில் மலைமேலுள்ள ஜமுனாமரத்தூரில் சந்தைக்குப் பின்னால் எனக்கு ஒரு தச்சுப் பட்டறை இருந்தது. கட்டில், கலப்பை என்று எல்லாம்தான் செய்தேன். ஆனால் மலையில் பெட்டி வைத்துப் புதைக்கிற வழக்கம் எங்களைப் போன்ற நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத்தான் உண்டு. அதனால் பெட்டி செய்யத் தெரிந்த ஒரே ஆள் என்ற பெருமை எனக்கு. அந்தப் பெருமைக்காக யாரும் எனக்குப் பெண் கொடுக்க முன்வரவில்லை.

உயிரோடு வந்த வாடிக்கை

தன் காலால் நடந்து வந்து தனக்கே பெட்டி கேட்ட ஒரே ஆள் ரூத்தம்மா. மிஷன் மருந்தகத்தில் நர்ஸ், அறுபதை நெருங்கியவர், தனி ஆள். சாகக் கிடக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "பயப்படாத, அங்க ஆண்டவரு உன்னை ஆசையா எதிர்பாத்துகினு கீறாரு" என்று தேற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அப்படிப்பட்டவருக்கே ஒரு பயம் இருந்தது. சின்ன வயதில் அவருடைய அம்மாவை மழையில், பெட்டியில்லாமல் புதைத்தார்களாம். முகத்தின் மேல் சேறு விழுந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். "சாவுக்கு நான் பயப்படல, தேவராஜு. ஆண்டவர் கூப்ட்டா செருப்புகூடப் போடாம ஓடிடுவேன். மூஞ்சில மண்ணு மட்டும் வுழக்கூடாது" என்றார்.

சொல்லிவிட்டு அங்கே கிடந்த பலகை மேல் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அளவுகோலை எடுத்துக்கொண்டு பலகையை இரண்டு முறை சுற்றி வந்தேன். பேசுகிற ஆளை அளந்து பழக்கமில்லை. பலகைகளை வெறுமனே பொருத்தி நிறுத்தியதும் மறுபடி வந்து, உள்ளே இறங்கிப் படுத்துப் பார்த்துச் சொன்னார்: "தோள்கிட்ட இடிக்குது. ஒரு விரக்கடை கூட்டு. நியாயத்தீர்ப்பு வரைக்கும் படுத்திருக்கணும் இல்ல?"

சாமை வாசம்

பெட்டியைத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு, தான் போகிறவரை அது சும்மா கிடப்பானேன் என்று சாமையைக் கொட்டி வைத்தார். எதிர்வீட்டுச் செங்கான் கொடுத்த சாமை. செங்கான் மலையிலேயே பிறந்து வளர்ந்த விவசாயி. மாரியம்மனைத் தவிர யாருக்கும் கும்பிடு போடாதவர். அவருக்கும் ரூத்தம்மாவுக்கும் சாயங்காலமானால் பரலோகச் சண்டை. "எங்க ஆளுங்க செத்தா எங்கியும் போவறதில்லம்மா. வூட்டாண்டயே கீறாங்க. பண்டிகைக்கு வந்து சோறு துன்னுட்டுப் போறாங்க" என்பார் செங்கான். அவ்வளவு தூரம் மேலே போவதை வீண் அலைச்சலாகத்தான் நினைத்தார்.

ஒரு நாள் நான் போயிருந்தபோது பெரிய கேள்வியாகவே போட்டார். "உங்க சாமிக்கு நம்ம மேல அம்மாம் பிரியம்னா, இன்னாத்துக்கு மேல போயி குந்திகினு கீறாரு? எறங்கி வந்து ரெண்டு களை புடுங்கலாமில்ல?" ஞாயிறு பள்ளியில் படித்ததையெல்லாம் நான் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். ரூத்தம்மா சாமையில் கல் பொறுக்குவதை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "வந்தாரு செங்கா. நம்ம ஆளுங்கதான் அடிச்சி அனுப்பிட்டாங்க."

சோதனைச் சாவடி

ரோடு வேலைக்காகக் கீழேயிருந்து வந்த ஒருவர் மருந்தகத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். சொந்த ஊர் போளூர்ப் பக்கம். உடலை ஊருக்கு அனுப்பவேண்டும். நான் போய்ப் பார்க்கும்போது ரூத்தம்மா முறத்தால் சாமையை வாரிப் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தார். இறந்தவர் எங்களைப் போல வேதக்காரர்கூட இல்லை. "நர்சம்மா, அது உங்களுக்குச் செஞ்சதுங்க" என்றேன், கொஞ்சம் கோபமாகவே. "அவரு அவசரத்துல கீறாரு, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

பெட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கினோம். சந்தனக்கட்டை கடத்தல் மும்முரமாக இருந்த காலம் அது. விறகுச் சுமையைக்கூட மோந்து பார்த்துத்தான் விடுவார்கள். வழியில் வனத்துறைச் சாவடிக் காவலர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, திறக்கச் சொன்னார். நான் ஆணி பிடுங்கக் குறடு தேடினேன். ரூத்தம்மா லாரி மேலிருந்தே, "தாராளமா தொற ராஜா. ஆனா எங்க ஆண்டவருக்குச் செத்தவங்களைக் கூப்ட்டு எழுப்புற பழக்கம் உண்டு. இவரு எழுந்து உக்காந்தா நான் பொறுப்பில்ல" என்றார். காவலர் தள்ளி நின்று மூக்கை உறிஞ்சினார். "சந்தன வாசனையே வர்லீங்கம்மா. நீங்க போய்ட்டு வாங்க."

கதவுகள்

ரூத்தம்மாவுக்கு நான் செய்த இரண்டாவது பெட்டியும் இப்படித்தான் யாருக்கோ போயிற்று. மூன்றாவதற்குப் பலகை வருவதற்குள் ஐப்பசி மழையில் மலைப்பாதை சரிந்துவிட்டது. சுற்றிலும் காடு இருந்து என்ன, அறுத்துக் காய்ந்த பலகை கீழேயிருந்துதானே வரவேண்டும்? அந்த மழையில்தான் ரூத்தம்மா நெஞ்சுவலி என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. பட்டறையில் துண்டு துக்கடாக்கள்தான் கிடந்தன. ஊரில் எல்லோருக்கும் எல்லாம் செய்தவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, அதைக்கூடச் செய்ய முடியவில்லையே என்று உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அப்போது செங்கான் நனைந்துகொண்டே உள்ளே வந்தார். தலைமேல் அவர் வீட்டுக் கதவு. பின்னால் அவருடைய தம்பியும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கதவோடு. மூன்றும் ரூத்தம்மா பிரசவம் பார்த்த வீடுகள். "இந்த மழையில கதவில்லாம எப்படிங்க இருப்பீங்க? கரடி வந்தா?" என்றேன். செங்கான் கதவை என் முன்னால் இறக்கி வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வூட்டுக்குக் கதவு இன்னாத்துக்கு, ஆசாரி? நர்சம்மா இனிமே எங்க வூட்டுக்கு வந்தா தட்டாமலே உள்ள வர்ட்டும்."

ஒரு கதவின் துருப்பிடித்த தாழ்ப்பாள் என்ன செய்தும் கழலாமல், உட்புறமாக இருக்கும்படி அப்படியே வைத்து மூடிவிட்டேன் என்பதால், செத்தவர்களை எழுப்பக் கடைசி எக்காளம் ஊதும்போது மற்ற என் வாடிக்கைக்காரர்களெல்லாம் ஆணி பிடுங்க ஆள் தேடிக்கொண்டிருக்க, ரூத்தம்மா மட்டும் தானே திறந்துகொண்டு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்துவிடுவார்.