அஞ்சலட்டையில் வந்த சதி

இப்போது நான் இணையத்தில் ஒரு கதையாட்டம் நடத்துகிறேன். ஏழு பேர், ஆளுக்கொரு பாத்திரம். தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று ஒவ்வொருவரும் எழுதிப் பதிவிடுவார்கள். அதனால் என்ன ஆயிற்று என்று நான் எழுதுவேன். யாராவது இரண்டு நாள் பதில் போடாவிட்டால் நலமா என்று தனியாக எழுதிக் கேட்பேன். ஆட்டக்காரர்களுக்கு அது வேடிக்கை. 1991-இல் இதே ஆட்டத்தை நான் தபாலில் நடத்தியதை அவர்களிடம் சொன்னதில்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம், மண்ணூரைத் தாண்டி உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போய், ஒரு சின்ன கம்பெனியில் டைப்பிஸ்டாக வேலை பார்த்தேன். ஒரு வாரப் பத்திரிகையின் பேனா நண்பர்கள் பகுதியில் கிடைத்த நான்கு பேர்தான் என் ஆட்டக்காரர்கள். ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. வயதான ராஜா, அவருக்குப் பிள்ளையில்லை, அடுத்து யார் என்பதுதான் ஆட்டம். பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சி படித்த பெண் அரசி. கோயம்புத்தூரில் மில் கிளார்க் ஒருவர் மந்திரி. சேலத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர் வணிகர். திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர் தளபதி. அவர்கள் தங்கள் திட்டத்தை அஞ்சலட்டையில் நாலு வரி எழுதிப் போடுவார்கள். மாதம் ஒருமுறை நான் எல்லோருக்கும் இன்லண்ட் லெட்டரில் பதில் எழுதுவேன். யார் மனதில் என்ன இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கொலையை நான் விவரிக்க வேண்டியதில்லை. மறுநாள் பஸ் இல்லை, கடை இல்லை, கம்பெனி இல்லை. சில நாட்கள் கழித்துத் தபால் வரத் தொடங்கியபோது, தபால்காரர் வழக்கம்போல வாசலில் நின்று மணி அடிக்கவில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். பையிலிருந்து எடுக்காமல் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார்.

"இன்னாம்மா எழுதிக்கிறாரு இந்த ஆளு? ஊரு இருக்கிற இருப்புல. மொதல்ல இத்த உள்ள வை."

திருச்சிக்காரரின் கையெழுத்து. "ராஜா தேர்த் திருவிழாவுக்கு வரும் நாளில் காரியத்தை முடித்துவிடலாம். ஆட்கள் தயார். உங்கள் சம்மதம் கிடைத்ததும் நாள் குறிக்கிறேன். தளபதி." கொலைக்கு இரண்டு நாள் முன்பே தபாலில் போட்டிருந்தார். முத்திரையில் தேதி தெளிவாக இருந்தது.

"இது கதைண்ணே, விளையாட்டு" என்றேன்.

"எனக்குத் தெரியுது. இத்தப் பட்சா மத்தவனுக்குத் தெரியணுமே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறைமலை நகரில் ஷிப்ட் முடித்து வந்த என் அண்ணன் அட்டையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"எல்லாத்தையும் எரிச்சுடு."

"எரிச்சா தப்பு பண்ண மாதிரி ஆயிடாதா?"

"வச்சிருந்தா மட்டும்? எவன் உக்காந்துகினு உன் கதைய கேப்பான்?"

அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். ஒன்றரை வருஷத்து அட்டைகள், நான் வரைந்த நாட்டுப்படம், யார் என்ன செய்தார்கள் என்று குறித்து வைத்த நோட்டு எல்லாம் போயின. நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அதற்குப் பிறகு தெருவில் எந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றேன்.

மூன்றாம் நாள் போலீஸ்காரர்கள் வந்தார்கள். வெளியூர் ஆட்கள் யாராவது வந்து தங்கினார்களா என்று ஊர் முழுக்க வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அதிகாரி இன்னொன்றும் கேட்டார்.

"உனக்கு நிறைய லெட்டர் வருதாமே? எடுத்துட்டு வா, பார்ப்போம்."

"இல்ல சார். எரிச்சுட்டோம்."

"எப்போ?"

"முந்தாநாள்."

அவர் பேனா நின்றது. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. நான்கு பேரின் முகவரியையும் கேட்டார். எனக்கு மனப்பாடம். கதவு எண், தெரு, ஊர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான்கு பேரையும் நானே பிடித்துக் கொடுப்பதுபோல இருந்தது. மறுநாள் காலை அண்ணனோடு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஸ்டேஷனில் அரை நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிறகு கூப்பிட்டார்கள். ஆட்டத்தை விளக்கினேன். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஜெயிச்சா என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது சார்."

"பின்ன எதுக்கு ஆடறீங்க?"

"கதைக்காகத்தான் சார்" என்றேன். எனக்கே அது பொய்போலக் கேட்டது.

அண்ணன் எப்போது வெளியே போனான் என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது கூடவே தபால்காரர் வந்தார். அதிகாரியின் முன் விறைப்பாக நின்றார்.

"சார், இது அட்டைல வர்ற ராஜா கதை. மொத அட்டைலேர்ந்து நான் பட்சிகினு வரேன்." சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லு, என்ன கதை?" என்றார் அதிகாரி.

தபால்காரர் சொன்னார். மந்திரி களஞ்சியத்தைத் திறந்தது, அரசி தம்பிக்கு ரகசியமாக ஓலை அனுப்பியது, தளபதி ஆறு மாதமாக ஆள் சேர்த்தது என்று வரிசை தவறாமல் சொன்னார். எனக்கே மறந்துபோனவை எல்லாம் இருந்தன. வணிகரின் உப்பு வண்டிக்கு வந்ததும் தடுமாறி நின்றார். நான் எழுதிய பதில்கள் ஒட்டிய கடிதங்களில் போனதால் அவருக்கு முடிவுகள் தெரியாது. இத்தனை நாள் ஊகித்துக்கொண்டே வந்திருக்கிறார். என் பக்கம் திரும்பினார்.

"வண்டி எல்லையத் தாண்டிச்சா இல்லியாம்மா?"

"தாண்டிடுச்சுண்ணே" என்றேன்.

ஓரத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. நோட்டை மூடினார்.

"வீட்டுக்குப் போ. கொஞ்ச நாளைக்கு இந்த ராஜா, மந்திரி எல்லாம் வேணாம்."

வெளியே வந்ததும் ஸ்டேஷன் சுவர் ஓரமாக நின்றேன். தபால்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "தப்புதாம்மா, அடுத்தவங்க லெட்டரு" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

இரண்டு மாதம் கழித்து மூன்று பேருக்கு எழுதினேன். நோட்டு போய்விட்டதால், அவரவர் பாத்திரம் எந்த நிலையில் இருந்தது என்று கேட்டேன். வணிகர் தன்னிடம் முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கு உப்பு இருப்பதாகச் சாதித்தார். எல்லோரும் அஞ்சலட்டையை விட்டு ஒட்டிய கடிதத்துக்கு மாறினார்கள். அதைக் கொடுக்கும்போது தபால்காரர் எதுவும் கேட்கமாட்டார். நானே வாசலில் பிரித்து, என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்வேன்.

திருச்சிக்காரருக்கு எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன். அவரே எழுதினார். "அன்புள்ள தங்கைக்கு, இங்கு அனைவரும் நலம். மழை இல்லை. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்." அவ்வளவுதான். எனக்கு அவர் அண்ணன் முறை ஆனது அந்தக் கடிதத்தில்தான். அட்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை, தளபதி என்ற கையெழுத்தும் இல்லை. நானும், "இங்கும் நலம், மழை இல்லை" என்று எழுதிப் போட்டேன். ஆட்டத்தில் தளபதியை யாத்திரைக்கு அனுப்பிவிட்டேன்.

அவர் வீட்டுக்கு யாராவது போனார்களா, கேட்டார்களா என்று எழுதிக் கேட்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை. முகவரியைச் சொன்னவள் நான்தானே.