பதினேழு வள்ளம்

மருதாத்தாளிடம் 2024 வரை ஓர் ஆப்பெராவின் மூன்று ஒலிப்பதிவுகள் இருந்தன. பேச்சே இல்லாமல் முழுக்கப் பாட்டாகவே நடக்கும் மேற்கத்திய நாடகத்துக்கு அப்படிப் பெயர் என்பதை அவர் அகராதி பார்த்துத் தெரிந்துகொண்டார். மூன்று வட்டுகளும், அவற்றோடு வந்த சிறு புத்தகங்களும், கூரியர் உறைகளும் ஒரு பச்சைக் கோப்பில் தேதிவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பெண், ஐம்பது வயதுக்குமேல் இப்படி ஒரு கோப்பைச் சேர்த்ததற்குக் காரணம் இசையின் மேல் உள்ள ஆசை அல்ல. மூன்றிலும் ஒலிப்பது அவர் எண்ணிய எண்ணிக்கை. ஒன்றில்கூட அவர் பெயர் கிடையாது.

கேரள எல்லையோரத்து மீனாட்சிபுரத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அவர் அளவுகாரி. கடலை காய்ந்து குவிந்ததும் தோட்டத்துக்காரர் ஒரு பக்கமும் வியாபாரி ஒரு பக்கமும் நிற்பார்கள். நடுவில் அவர் குனிந்து, நாலு படி கொள்ளும் இரும்பு வள்ளத்தால் அள்ளிச் சாக்கில் கொட்டுவார். முதல் வள்ளத்தை யாரும் ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்பார்கள். அடுத்தது ரெண்டு. ஒரு வள்ளத்தைக் கொட்டிவிட்டு அடுத்ததை நிரப்பும் வரைக்கும் அந்த எண்ணையே விடாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வாய் நின்றால் எண் தவறிவிடும். அதனால் லாபம், லாபம், லாபம் என்றும், ரெண்டு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு என்றும் அது நீண்டுகொண்டே போகும். குனியும்போது குரல் தாழும், கொட்டும்போது ஏறும்.

அதுவரை ஆண்கள் மட்டுமே பார்த்த வேலை அது. கணவர் இறந்த மறு வருடம் மருதாத்தாள் வள்ளத்தைக் கையில் எடுத்தார். பொம்பளை எண்ணிக்கையை நம்பி வண்டி ஏற்ற முடியாது என்று ஒரு வியாபாரி களத்திலேயே சொன்னார். கட்டிய ஒன்பது சாக்கையும் மருதாத்தாள் தாமே அவிழ்த்துக் கொட்டி, மறுபடி முதலிலிருந்து அளந்தார். ஒரு வள்ளம்கூடப் பிசகவில்லை. "இனி அவுக்கச் சொன்னா கூலி ரெட்டைங்க" என்று மட்டும் சொன்னார். அதற்குப்பின் அவர் எண்ணியதை யாரும் திருப்பி அளக்கச் சொன்னதில்லை. மின்னணுத் தராசு வந்தபோது அவருக்கு வருத்தமில்லை. முதுகு வலி போயிற்று என்று சந்தோஷப்பட்டார். தராசின் முன்னால் உட்கார்ந்து எடை எழுதுபவரும் இன்று அவரே.

2009ஆம் ஆண்டு தை மாதம், ஆறுச்சாமிக் கவுண்டரின் தோட்டத்தில் விதைக்கு ஒதுக்கிய கடலையை அவர் அளந்துகொண்டிருந்தார். அண்ணியான அவரை நங்கை என்று கூப்பிடும் நாத்தனார் கோமதி சாக்குப் பிடித்தாள். கல்பாத்தியிலிருந்து, நாட்டார் பாட்டு சேகரிக்கும் ஸ்ரீஜித் என்ற இளைஞர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து பக்கத்தில் நின்றார். ஆறாவது வள்ளத்தில் சாக்கு நழுவியது. மருதாத்தாள் எண்ணை விடாமலே, "ஆறு, ஆறு, ஏ கோமதி, சாக்கப் புடி, ஆறு, ஆறு" என்று தொடர்ந்தார். மொத்தம் பதினேழு வள்ளம். ஆறுச்சாமி துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். ஸ்ரீஜித்தும் இரண்டு பெண்களின் பெயர்களையும் கேட்டுத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டுதான் போனார். மருதாத்தாள் இதை ஒருபோதும் மறக்கவில்லை, ஏனென்றால் எழுதும்போது ஸ்ரீஜித்தின் பேனாவில் மை தீர்ந்துபோய், மருதாத்தாளின் பேனாவைத்தான் வாங்கி எழுதினார்.

ஒன்பது வருடங்கள் கழித்து, கைப்பேசிக் கடை வைத்திருக்கும் ஜோமோன் அவரைத் தெருவிலேயே நிறுத்தினான்.

"சேச்சி, ஒண்ணு கேட்டு நோக்கு. இது சேச்சியோட சப்தமல்லே?"

கேட்டார். வயலின்கள் ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்க, அவற்றின் மேல் அவருடைய குரல் எண்ணிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு இசையமைப்பாளர் ஒருவர் எழுதிய ஆப்பெராவில் அறுவடைக் காட்சி அது. சின்னஞ்சிறு துணுக்குகளை மணிக்கணக்காகத் திரும்பச் சொல்லி, கேட்பவர் அறியாமல் மெல்ல மாற்றுவது அந்த மனிதரின் பாணி என்று பின்னால் தெரிந்தது. அதைச் சொன்னபோது கோமதி, "கடலையளக்கறவளப் பாத்துத்தான் கத்துக்கிட்டான்னு நேராச் சொல்லுங்க நங்கை" என்றாள்.

அன்றைக்கே கோப்பு தொடங்கியது. ஜோமோன் போட்டுக் காட்டிய, அவர் குரலே ஒலிக்கும் முதல் பதிவு 2011ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதனோடு வந்த ஆங்கிலப் புத்தகம், தென்னிந்திய அறுவடை மந்திரம், பாடியவர் தெரியவில்லை, சேகரித்தவர் ஸ்ரீஜித் என்றது. 2015இல் வந்த இரண்டாம் பதிவில் நாற்பது பேர் கொண்ட குழு அதையே பாடியது. சாக்கைப் பிடிக்கச் சொன்ன அதட்டலையும் நாற்பது பேரும் உருகி உருகிப் பாடினார்கள். நதித் தெய்வமான கோமதியிடம் வைக்கும் பிரார்த்தனை என்று புத்தகம் அதற்கு விளக்கம் சொன்னது.

"என்னயச் சாமியாக்கிப் போட்டானுங்களா?" என்றாள் கோமதி. "சரி, ஒரு தேங்காயாச்சும் ஒடைக்கச் சொல்லுங்க."

மருதாத்தாளும் சிரித்தார். 2022இல் வந்த மூன்றாம் பதிவைக் கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. களத்துக் கடலையைக் கைநிறைய எடுத்து வைத்துக்கொண்டு, எண் மாறும்போதெல்லாம் ஒரு கடலையை நகர்த்தினார். கடைசியில் பதினெட்டுக் கடலை இருந்தது. மறுபடி கேட்டார். பதினெட்டுதான். லாபம் முடிந்ததும் குழுவினர் ஒண்ணு என்று ஒரு சுற்றுப் பாடிவிட்டுத்தான் ரெண்டுக்குப் போனார்கள். மூலத்தில் முதல் எண் விடுபட்டிருக்கிறது, பாடிய பெண்ணின் ஞாபகப் பிழையாக இருக்கலாம், இப்போது திருத்தப்பட்டுள்ளது என்று ஏதோ ஓர் அறிஞரின் குறிப்பு புத்தகத்தில் இருந்தது. ஞாபகப் பிழை என்ற இடத்தை அவர் அகராதியில் மூன்று முறை பார்த்தார்.

பெயர் இல்லாமல் போனதைப் பொறுத்துக்கொண்டுதான் நாலு வருடமாக ஒலிப்பதிவு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எண்ணத் தெரியாதவள் என்று அச்சில் போட்டது வேறு. ஆறுச்சாமியின் சீட்டு நகலை இணைத்து எட்டாவது கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். சித்தூரில் ஒரு வக்கீலைப் பிடித்து ஒன்பதாவதை நோட்டீசாகவே அனுப்பினார். இரண்டே இரண்டு வேண்டும் என்று அதில் இருந்தது: எண்ணிக்கை பதினேழாக வேண்டும், அளந்தவர் மருதாத்தாள், சாக்குப் பிடித்தவர் கோமதி என்று அச்சாக வேண்டும்.

அதன் பலனாக, 2024 ஆவணியில் ஸ்ரீஜித் மீனாட்சிபுரத்துக்கு வந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. நான்காவது ஒலிப்பதிவு தயாராகிறது என்றும், அதில் மருதாத்தாளின் அசல் குரலையே மறுபடி சேர்க்க இசையமைப்பாளர் விரும்புகிறார் என்றும், நோட்டீஸ் போனதால் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது என்று அவர்களுடைய வக்கீல் சொல்லிவிட்டார் என்றும் தெரிவித்தார். பையிலிருந்து, கையெழுத்துப் போட ஒரு தாளை எடுத்து வைத்தார்.

"இதுல ஒப்பு இட்டுத் தந்தா மதி. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

மருதாத்தாள் தாளை முழுக்கப் படித்தார். ஸ்ரீஜித் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இதுல பாரம்பரியப் பாட்டு, பாடுனவங்க தெரியலைன்னே போட்டிருக்குதுங்களே. உங்க முன்னால உக்காந்திருக்கறது யாருங்க?"

"எனக்கு மனசிலாறது, அம்மா. ஆனா அவாளுக்கு இது நாட்டார் பாட்டு. நாட்டார் பாட்டுக்குத் தனி ஒரு ஆள் பேரைப் போடற வழக்கம் இல்லை."

"பாட்டா? நா எங்கீங்க பாடுனேன்? கடலையளந்தேன்." கோப்பைத் திறந்து முதல் புத்தகத்தை எடுத்தார். "சேகரிச்சவரு பேரு போடற வழக்கம் மட்டும் எப்பிடீங்க இருக்குது?"

ஸ்ரீஜித் தண்ணீர் குடித்தார். வாசலில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த கோமதி, "நல்லாக் குடிங்க, சாமி குடுத்த தண்ணி" என்றாள்.

மருதாத்தாள் ஒரு முறம் கடலையை ஸ்ரீஜித்தின் முன்னால் வைத்து, மூன்றாம் பதிவை ஓடவிட்டார். எண் மாறும்போதெல்லாம் ஒன்றை நகர்த்தச் சொன்னார். காட்சி பத்தொன்பது நிமிடம் ஓடியது. ஸ்ரீஜித் முதலில் சங்கோசத்தோடும், பின்னர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டும் நகர்த்தினார். பதினெட்டு வந்தது. முதல் பதிவுக்கும் அப்படியே செய்யச் சொன்னார். பதினேழு வந்தது. அவர் கடலைகளைத் தொட்டுத் தொட்டு மறுபடி எண்ணினார்.

"இதை நான் கவனிச்சதே இல்லை" என்றார் மெதுவாக. "இது தப்பு. வாஸ்தவம்தான்."

"தோட்டத்துல இல்லாத ஒரு வள்ளம் எங்கிருந்துங்க வந்துச்சு?"

"திருத்தச் சொல்றேன். பதினேழு. அந்த ஞாபகப் பிழைக் குறிப்பையும் எடுக்கச் சொல்றேன். அது நிச்சயம்." தாளை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினார். "பேர் விஷயத்தை மட்டும் விட்டுடுங்கோ. பேர் போட்டா பழைய பதிவெல்லாம் பிரஸ்னமாகும், சேகரிச்சவன்னு என்னைப் போட்டதும் பிரஸ்னமாகும். நீங்க கேட்டது ரெண்டு. ஒண்ணு நடக்கறது. ஒப்பிடலேன்னா ரெண்டும் இல்லை, உங்க குரலும் இருக்காது. ஆலோசிச்சுப் பாருங்கோ."

பதினேழு என்ற எண் உலகம் முழுக்கச் சரியாக ஒலிப்பதை மருதாத்தாளின் மனம் ஒரு கணம் கேட்டுப் பார்த்தது. இரண்டு வருடமாகத் தொண்டையில் சிக்கிய முள் அது. ஒரு கையெழுத்தில் எடுத்துவிடலாம்.

"தம்பி, ஒரு களத்துல பதினேழு வள்ளம்னு வெச்சுக்குங்க" என்றார் பிறகு. "வியாபாரி கேக்கறான், யாரு அளந்ததுன்னு. யாருன்னு தெரியலைன்னு சொன்னா, அந்தப் பதினேழ அவன் ஏத்துக்குவானுங்களா?"

ஸ்ரீஜித் ஒரு கடலையை எடுத்து முறத்தில் திருப்பிப் போட்டார்.

"மாட்டானுங்க. திருப்பி அளப்பான். அளந்தவ பேருதானுங்க எண்ணிக்கைக்குச் சாட்சி. பேரில்லாததனாலதான் ஒரு அறிஞர் வந்து ஒண்ணு சேத்தாரு. நாளைக்கு இன்னொருத்தர் வந்து ரெண்டு எடுப்பாரு. நீங்க ரெண்டுன்னு பிரிக்கறீங்க. எனக்கு அது ஒண்ணுதானுங்க."

"அப்படின்னா குரல் வேண்டாம்கறேளா?"

"குரல்தானுங்களே? எங்கிட்ட இருக்குது."

பேனாவை எடுத்தார். அனுமதி தருகிறேன் என்றிருந்த வரியை அளவுகோல் வைத்து நேராக அடித்தார். அதன்கீழ், அளந்தவர் என்ற முறையில் அனுமதி மறுக்கிறேன் என்று எழுதி, முழுப் பெயரையும் ஊரையும் தேதியையும் இட்டார். கோமதியைக் கூப்பிட்டார். அவள் தவிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து, "சாமி கையெழுத்துப் போடலாமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே, சாக்குப் பிடித்தவர் என்று எழுதி நேரே தன் பெயரைப் போட்டாள். ஸ்ரீஜித் தாளுக்குக் கை நீட்டினார்.

"இருங்க, நகல் எடுக்கோணும்" என்று மருதாத்தாள் அதை எடுத்துக்கொண்டு ஜோமோன் கடைக்குப் போனார். வெயிலில் போய் வர அரைமணி நேரம் ஆயிற்று. ஸ்ரீஜித் அத்தனை நேரமும் முறத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

நான்காவது ஒலிப்பதிவு மறு வருடம் வெளிவந்தது. மருதாத்தாள் வழக்கம்போல வரவழைத்தார். அறுவடைக் காட்சி அதில் இல்லை. அதற்கு முந்தைய காட்சி முடிந்ததும் வயலின்கள் சட்டென்று நின்று வேறொன்று தொடங்கியது; இசை தெரியாதவருக்கும் அங்கே ஒரு பள்ளம் இருப்பது காதில் விழும். புத்தகத்தில் அந்த இடத்துக்கு நேரே வக்கீல் பாஷையில் ஒரு சிறு குறிப்பு இருந்தது. அகராதி இல்லாமலே அவருக்கு அது புரிந்தது. அளந்தவர் மருதாத்தாள், சாக்குப் பிடித்தவர் கோமதி ஆகியோர் அனுமதி மறுத்துவிட்டதால் இக்காட்சி சேர்க்கப்படவில்லை.

கோமதி அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"பேரு வந்துருச்சுங்க நங்கை."

"வந்துருச்சு" என்றார் மருதாத்தாள். "மூணாவதுல இன்னும் பதினெட்டுதான் இருக்குது. அந்தத் தாளை எடு புள்ள."

பத்தாவது கடிதத்தின் தேதியை எழுதினார்.