ஆறாவது பிளாப்பி

இது நடந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்ததால் நிமிடம்கூடத் தவறாமல் சொல்ல முடியும். 1998, அக்டோபர் நான்கு, ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில் நேரம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் எனக்கு எடுபிடி வேலை. ஆயுத பூஜைக்கு எல்லா மெஷின்களுக்கும் நான்தான் சந்தனம் வைத்தேன். தையல் மெஷினுக்கு ஊசி அருகே வைப்பதுபோல, கம்ப்யூட்டருக்குப் பிளாப்பி தட்டு நுழையும் வாயில் அப்பிவிட்டேன். மஞ்சள் தண்ணீரும் தெளித்தேன். மறுநாள் அது எழவில்லை.

சனிக்கிழமை சர்வீஸ்காரர் மயில்சாமி அண்ணன் வந்தார். உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து விண்டோஸை மறுபடி போட்டார். பழைய ஈமெயில்களைத் திங்கட்கிழமை ஏற்றித் தருவதாகச் சொல்லிவிட்டு, வெள்ளகோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

ஞாயிறு மதியம் முதலாளி சாமியப்பன் வந்து நின்றார். மாலை நாலு மணிக்குச் சாயப்பட்டறையில் துணியைச் சாயத்தில் இறக்குகிறார்கள். மூன்று நீலத்தில் எது வேண்டும் என்று ஜெர்மனிக்காரர்கள் எழுதியது பழைய மெயிலில் இருந்தது. கேட்கலாமென்றால் அங்கே ஞாயிறு விடுமுறை.

"ஏங்கண்ணு, சந்தனம் வெக்கச் சொன்னா அதும் வாய்க்குள்ள ஊட்டி உட்டிருக்கற. அந்த மெயிலு கெடைக்கலீன்னா நாளைக்கு நீ வர வேண்டாஞ் சாமி" என்றார்.

கோபமே இல்லாமல் சொன்னார். வேலை போனால் சொந்த ஊரான கணியூருக்குத் திரும்பி, அண்ணி முகத்தில் விழிக்க வேண்டும்.

எனக்கு வழி தெரியும். கம்ப்யூட்டர் பார்க்கும் சாரதாமணி அக்கா, போன வாரம் பிரசவத்துக்குப் போகும்வரை, வாராவாரம் மெயில்களை ஆறு பிளாப்பிகளில் எடுத்து வைப்பார். பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பது நான்தான்.

முதலாளி பட்டறைக்குக் கிளம்பினார். கம்பெனியில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. வாசலில் வாட்ச்மேன், உள்ளே நான் மட்டும்.

2.10. முதல் பிளாப்பியை நுழைத்தேன். சின்ன விளக்கு எரியவில்லை. ஆனால் சத்தம் வந்தது. கர்ர்... கர்ர்... திரையில் கோடு நகர்ந்தது.

2.17. இரண்டாவதைக் கேட்டது. பொத்தானை அழுத்தினேன். பின்னால் எதுவுமே இல்லாததுபோல் லேசாக இருந்தது. பிளாப்பி வெளியே வந்தது. வெதுவெதுப்பாக.

2.24. மூன்றாவது. பாதி நுழைத்ததும் உள்ளே இழுத்துக்கொண்டது.

2.31. நான் பொத்தானைத் தொடவில்லை. மூன்றாவது தானாக வெளியே வந்தது. அதன் ஓரம் ஈரம். வியர்த்த கையில் இருந்ததுபோல. நான்காவதைக் கொடுத்தேன்.

2.38. ஐந்தாவது. இப்போது கர்ர் சத்தம் இல்லை. ம்ம்... ம்ம்... யாரோ வாய்க்குள் படிக்கும் சத்தம்.

எழுந்து ஓடலாமா என்று நினைத்தேன். கோடு முக்கால்வாசி வந்திருந்தது.

2.45. ஆறாவது. விடாமல் பிடித்துக்கொண்டேன்.

உள்ளிருந்து இழுத்தது.

மெதுவாக...

நான் விடவில்லை.

அதுவும் விடவில்லை.

விட்டுவிட்டேன்.

திரையில் 412 மெயில்கள். செப்டம்பர் 22-ஆம் தேதி மெயிலில் இருந்தது, இரண்டாவது நீலம். பட்டறைக்குப் போன் போட்டு முதலாளியிடம் சொன்னேன். மாலைவரை வாட்ச்மேன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

திங்கள் காலை 9.20. மயில்சாமி அண்ணன் வந்தார். நீ வர்றதுக்குள்ள புள்ளையே எல்லாத்தையும் ஏத்திருச்சு என்று முதலாளி அவரைக் கிண்டல் செய்தார்.

அண்ணன் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எதுக்குள்ள போட்ட அம்மிணி?"

கைகாட்டினேன்.

ஸ்க்ரூவைக் கழற்றி மூடியை எடுத்தார். வாயும் பொத்தானும் பெட்டியின் முகப்பிலேயே இருந்தன; அவற்றுக்குப் பின்னால் வெறும் ஓட்டை. பிறகு தன் பையிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்தார். பிளாப்பி டிரைவ், பிளாப்பியைப் படிக்கும் பாகமே அதுதான். சந்தனத்தைச் சுத்தம் செய்யச் சனிக்கிழமையே கழற்றி எடுத்துப் போயிருக்கிறார். வெள்ளகோவில் கல்யாணத்துக்கும் பையிலேயே போய் வந்திருக்கிறது. அவசரத்தில் எங்களிடம் சொல்லவில்லை.

பிளாப்பிகளைக் கேட்டார். ஐந்தைக் கொடுத்தேன். ஆறாவதை நான் வெளியே எடுக்கவே இல்லை.

கம்ப்யூட்டர் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். அதற்குள்ளும் இல்லை.