அன்ரன் காய்ச்சிய பியர்

நான் மாதாவின் பெயரால் பொய் சொன்னேன். அதுவும் ஒரு மிடறு பியருக்குப் பயந்து!

சிரிப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டு மிச்சத்தையும் கேளுங்கள்.

என் மனைவி றீற்றாவின் தம்பி அன்ரன் கனடாவில் லொறி ஓட்டுகிறான். போன வருடம் தாழ்வுபாடு கிராமத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பெட்டியில் தன் சேட்டுகளுக்குள் சுற்றிச் சில போத்தல்கள் கொண்டுவந்தான். அவனே காய்ச்சியது. கிராஃப்ட் பியராம். கள்ளச்சாராயம், கசிப்புக் காய்ச்சுகிறவர்களை எனக்குத் தெரியும். பியரையுமா வீட்டில் காய்ச்சுவார்கள்? லொறியை விட்டுவிட்டு அதையே தொழிலாகச் செய்ய அவனுக்கு ஆசை.

“மற்ற ஆக்கள் எல்லாரும் நல்லம் எண்டுதான் சொல்லுவினம், அத்தான். நீங்கள் முகத்துக்கு நேர சொல்லுவியள். நீங்கள் குடிச்சுப் பாத்துச் சொன்னால்தான் நான் இறங்குவன்.”

கிளாஸில் ஊற்றினான். குளத்துத் தண்ணீர் போலக் கலங்கல். தோடம்பழத் தோலும் வேப்பம்பூவும் கலந்த மணம்... எனக்கு பியர் என்றால் கடையில் விற்கும் லாகர்தான். பகல் முழுதும் படகு எஞ்சினோடு மல்லுக்கட்டிய பிறகு, மீன் பெட்டி ஐஸுக்குள் புதைத்துவைத்து எடுப்பது. தொண்டை குளிர்ந்தால் போதும். யோசித்துக் குடிக்க அதில் என்ன இருக்கிறது?

பிடிக்கவில்லை என்றால் அவன் முகம் வாடும். பிடித்தது என்றால் வேலையை விட்டுவிடுவான். என் வாய் முந்திக்கொண்டது.

“நான் குடியை விட்டிட்டன். மாதாவுக்கு நேர்ந்திருக்கிறன்.”

நேர்த்தி வைத்தவனை எங்கள் பக்கத்தில் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். அன்ரன் கிளாஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். குசினி வாசலில் நின்ற றீற்றா அழுதுவிட்டாள். இத்தனை வருடமும் அவள் செபித்தது அதற்காகத்தானாம்! ஞாயிறு பூசையில் மெழுகுதிரி கொளுத்தினாள். பங்குச் சுவாமி என் தோளில் தட்டினார். எப்படித் திரும்புவது?

அன்ரன் கனடா போனதும் பானைகளையும் குழாய்களையும் விற்றுவிட்டான். “அத்தானே விட்டிட்டார், நான் ஊருக்கு ஊத்திக் குடுக்கிறதே” என்று அக்காவிடம் சொன்னானாம். மறுபடி லொறி, மறுபடி பனி.

அவன் விட்டுப்போன ஒரு போத்தல் எங்கள் ஃப்ரிட்ஜில் கிடந்தது. விருந்தாளிகளுக்காம். போன மாதம் றீற்றா பூசைக்குப் போயிருந்த நேரம் திறந்தேன். லாகருக்கு ஏங்கிய நாக்கு, வேறு வழியில்லை. முதல் மிடறு கசந்தது. இரண்டாவதில் நிதானித்தேன்... கசப்பு விலக, மெல்ல ஓர் இனிப்பு வந்தது. பனங்கட்டி! நாங்கள் பார்சலில் அனுப்பிய பனங்கட்டியைப் போட்டிருக்கிறான் பாவி. கடைசிச் சொட்டுவரை யோசித்து யோசித்துத்தான் குடித்தேன்.

லாகரை விட மேலானதா என்று கேட்டால், ஓம். ஆயிரம் தரம் ஓம். ஆனால் யாரிடம் சொல்வேன்? அன்ரனிடம் சொன்னால் றீற்றாவுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அவன் வாழ்நாள் முழுதும் லொறிதான். சுவாமியிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்திலும் இதை விழுங்கிவிட்டேன்; சொன்னால், மனைவியிடம் சொல் என்பார் சுவாமி. வெற்றுப் போத்தல் எண்ணெய்த் துணிக்குள், எஞ்சின் திருத்தும் என் ஆயுதப் பெட்டியின் அடியில் கிடக்கிறது.

போன ஞாயிறு அன்ரன் வீடியோவில் வந்தான்.

“சும்மா கேக்கிறன் அத்தான். நேர்த்தி இல்லாட்டி, குடிச்சிட்டு என்ன சொல்லியிருப்பியள்?”

பக்கத்தில் றீற்றா இருந்தாள்.

“எனக்கென்ன தெரியும்” என்றேன்.

றீற்றா பெருமையோடு என் கையைப் பிடித்து அழுத்தினாள். அழைப்பு முடிந்த பிறகும் அவள் விடவில்லை.